தானமா? உரிமையா?

விரிஞ்சை மதிலழகு என்பது நம் நாட்டுப் பழமொழி. வேலூருக்கு மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரத்தில் ஓங்கி நிற்கிறது அந்த மதில். வழித்துணைநாதர் என்று பெயர் சூட்டப்பட்ட இறைவனின் கோயிலை அது வளைத்துக் காத்து நிற்கிறது. மதிலின் அழகைக் கண்டு மயங்கியோர் பலர். மதில் எதற்காக என்று கேட்டோர் சிலர். அந்தச் சிலரின் வழி வந்தவர்கள் நாம். ஆகவே, மதிலைப் பார்த்து வியந்து திரும்பிவிடாமல், உள்ளே கல்லில் வெட்டப்பட்டிருக்கும் ஓர் எழுத்தையும் படித்துப் பார்க்கிறோம்.

சக ஆண்டு 1347. கி.பி. 1425-26 என்று கணக்கிடுவர். விசயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் ஆண்ட காலம். படைவீட்டு இராச்சியத்துப் பார்ப்பனப் பெரியோர் ஒன்றுகூடுகிறார்கள். கன்னடர் இருக்கிறார்கள், தமிழர் இருக்கிறார்கள், தெலுங்கர் இருக்கிறார்கள், இலாடரும் இருக்கிறார்கள். கோத்திரம் வேறு, சூத்திரம் வேறு, பேசும் மொழியும் வேறு. ஆயினும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். இனித் தம் குலத்தில் எவரும் பொன் வாங்கிக்கொண்டு பெண்ணைக் கொடுத்தல் கூடாது. பொன் கொடுத்துப் பெண்ணைக் கொள்ளுதலும் கூடாது. திருமணம் என்றால் அது கன்னிகாதானமாகவே நடைபெற வேண்டும். மீறி வாங்கியவனும் குற்றவாளி, மீறிக் கொடுத்தவனும் குற்றவாளி. அரசன் தண்டிப்பான், குலம் தள்ளிவைக்கும். இதுதான் அந்த உடன்படிக்கை. அறத்தை நிலைநாட்டும் ஒப்பந்த ஏடு என்று அதற்குப் பெயரும் இட்டுக்கொண்டார்கள். கையொப்பமும் இட்டார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதியின் முதல் மடலில், 1890இல், ஹுல்ச் என்னும் அறிஞர் அதனை அச்சேற்றினார்.

நல்ல காரியந்தானே என்று கேட்பீர்கள். நல்ல காரியந்தான். பெற்ற பெண்ணை எடை போட்டு விற்பது இழிவு என்று ஒரு கூட்டம் உணர்ந்தது. உணர்ந்ததை ஒளிக்காமல் கல்லில் வெட்டியது. வாங்கும் கையையும் கொடுக்கும் கையையும் ஒரே அளவுகோலால் அளந்தது. இவற்றைப் பாராட்ட நாம் தயங்கப் போவதில்லை. பழமை என்பதற்காகப் போற்றுவதும் மடமை. பழமை என்பதற்காகத் தூற்றுவதும் மடமை.

ஆனால், ஒரு கேள்வி நம் நெஞ்சில் எழுகிறது. விற்பனை கூடாது என்றார்கள். அதற்குப் பதிலாக எதை வைத்தார்கள்? தானத்தை வைத்தார்கள்! விலைக்குத் தருவது தவறு, விலையின்றித் தருவது சரி. விற்பதற்கும் பெண் ஒரு பொருளாக இருக்க வேண்டும். தானம் தருவதற்கும் அவள் ஒரு பொருளாகத்தான் இருக்க வேண்டும். ஆட்டை விற்றாலும் ஆடு ஆடுதான். அதைத் தானமாகத் தந்தாலும் ஆடு ஆடுதான். அந்த ஆட்டின் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. நான்கு வகை மக்கள் கூடிப் பேசிய அந்தக் கூட்டத்தில், எந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினார்களோ அந்தப் பெண்ணின் குரல் மட்டும் இல்லை. கல்லிலும் இல்லை.

இந்தக் கல்லை இவ்விடத்திலேயே விட்டுவிட்டு, கடல் கடந்து, வேறொரு ஆற்றங்கரைக்குச் சென்று வருவோம். அங்கும் ஒரு பட்டயம் இருக்கிறது. அங்கும் விற்பனையைப் பற்றிய பேச்சு இருக்கிறது. அந்தப் பட்டயத்தை உலகம் அறியும். நம் கல்லை ஊரும் அறியாது. ஏன் இந்த வேற்றுமை என்பதை ஆராய்ந்தால், உரிமை என்பது எது, தானம் என்பது எது என்னும் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நம்புகிறோம்.

தேம்ஸ் ஆற்றின் கரையில், விண்ட்சருக்கும் ஸ்டெயின்சுக்கும் இடையே, ரன்னிமீட் என்றொரு புல்வெளி. மாளிகை இல்லை, மண்டபம் இல்லை, மதில் இல்லை. ஈரமண்ணும் புல்லும் நீரும்தான். 1215ஆம் ஆண்டு சூன் 15. ஒருபுறம் இங்கிலாந்தின் மன்னன் ஜான். மறுபுறம் அவனை எதிர்த்துப் படை திரட்டிய நிலப்பிரபுக்கள். இடையே நின்று பேசி முடிக்கக் காண்டர்பரித் தலைமைக் குரு ஸ்டீபன் லாங்டன். பிரான்சு நாட்டில் தோற்றுத் திரும்பிய மன்னன், தோல்விக்கான செலவைக் குடிகளின் தலையில் சுமத்தினான். பொறுத்துப் பார்த்தவர்கள் வாளை எடுத்தார்கள். மன்னன் பணிந்தான். கையெழுத்து இடவில்லை, முத்திரை பதிக்கப்பட்டது. அதுவே மாக்னா கார்ட்டா என்று உலகம் அழைக்கும் உரிமைப் பட்டயம்.

அது எதில் எழுதப்பட்டது தெரியுமா, தோழர்களே? ஆட்டுத் தோலில்! ஆட்டின் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரை நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து ஏடாக்கினார்கள். மரக்காய்ச் சாற்றில் இரும்புச் சத்தைக் கலந்து மை செய்தார்கள். வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் உள்ள தோல் தொழிலாளிக்கு இதில் புதுமை எதுவும் இராது. சுண்ணாம்புக் குழியை அவன் அறிவான். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் அவன் அறிவான். தோலைப் பதப்படுத்தும் அந்தத் துவர்ப்புச் சத்தே அங்கு மையாகவும் ஆயிற்று. ஒரு நாட்டின் உரிமையைச் சுமக்கும் பேறு அங்கே தோலுக்குக் கிடைத்தது. இங்கே, தோலைத் தொட்டவனைத் தொட்டால் தீட்டு என்றார்கள்!

சரி, அந்தத் தோலில் என்ன எழுதினார்கள்? பிற்காலத்தார் அதனை 63 கூறுகளாக எண்ணிட்டனர். அவற்றுள் 39ஆவது கூறு புகழ் பெற்றது. சுதந்திர மனிதன் எவனையும், அவனுக்கு நிகரானவர்களின் முறையான தீர்ப்பாலோ நாட்டின் சட்டத்தாலோ அன்றி, பிடிக்கவோ சிறையிடவோ உடைமையைப் பறிக்கவோ நாடு கடத்தவோ அழிக்கவோ மாட்டோம் என்று மன்னன் வாயால் சொல்ல வைத்தார்கள். அடுத்த கூறு, 40. நீதியை யாருக்கும் விற்கமாட்டோம், யாருக்கும் மறுக்கமாட்டோம், யாருக்கும் காலந்தாழ்த்தமாட்டோம் என்பது அதன் கருத்து.

பாருங்கள், இந்தப் பொருத்தத்தை! அங்கே நீதி விற்பனைக்கு அன்று என்றார்கள். இங்கே பெண் விற்பனைக்கு அன்று என்றார்கள்.

ஆனால், அங்கேயும் பெண் விற்பனை இருந்தது. ஆம், வெள்ளைக்காரன் நாட்டிலேதான். மன்னனின் கீழ் நிலம் வைத்திருந்தவன் இறந்தால், அவன் மனைவியை யார் மணப்பது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மன்னனிடம் இருந்தது. அந்த அதிகாரத்தை மன்னர்கள் பணமாக்கினார்கள். ஜான் தன்னுடைய முதல் மனைவியாக இருந்து விலக்கப்பட்ட கிளாஸ்டர் இசபெல்லாவையே 1214இல் ஜெஃப்ரி டி மாண்டவில் என்பவனுக்கு 20,000 மார்க் விலை பேசி மணமுடித்தான். அந்தப் பெருந்தொகை அவன் தலையில் கடனாக ஏறியது. அடுத்த ஆண்டு, மன்னனை எதிர்த்த பிரபுக்களின் அணியில் அவன் நின்றான். பட்டயத்தைக் காக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட 25 பேரில் ஒருவனாகவும் ஆனான். வாங்கியவனுக்கு விலை கூடுதல் என்று கோபம். விற்கப்பட்டவளுக்கு என்ன தோன்றியது? அதை எந்தத் தோலிலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே, ரன்னிமீட் பட்டயத்தைப் பூசை அறையில் வைக்க நாம் கிளம்பவில்லை. அதன் குறைகளையும் எண்ணிப் பார்க்கிறோம். சுதந்திர மனிதன் என்ற சொல்லுக்கு வெளியே, பண்ணைக்குக் கட்டுண்ட உழவர் மிகப் பெருந்தொகையினர் நின்றனர். ஒருவரின் சாவுக்காக ஒரு பெண் குற்றம் சாட்டினால், இறந்தவர் அவள் கணவனாக இருந்தாலன்றி எவரையும் பிடிக்கலாகாது என்று 54ஆவது கூறு கூறியது. பெற்ற பிள்ளையைக் கொன்றாலும் தாயின் வாக்குக்கு மதிப்பில்லை! பிரபுக்கள் தங்களுக்காகக் கேட்டார்கள், தங்களுக்காகப் பெற்றார்கள். விரிஞ்சிபுரத்துப் பெரியோரும் தங்கள் குலத்துக்காகவே முடிவு செய்தார்கள். இரண்டும் மேட்டுக்குடியின் பட்டயங்களே.

அப்படியானால், ஒன்று வளர்ந்தது, மற்றொன்று உறைந்தது, எதனால்?

கல் நிலைக்கும், தோல் மட்கும் என்பது இயற்கை. வரலாற்றில் அது தலைகீழாயிற்று. ரன்னிமீட் பட்டயத்தின் ஆயுள் முதலில் பத்தே வாரம். 1215 ஆகஸ்டு 24இல் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசன்ட் அது செல்லாது என்றார். உள்நாட்டுப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு ஜான் இறந்தான். அவனுக்குப் பின் 1216, 1217, 1225 எனத் திரும்பத் திரும்ப அதைத் திருத்தி வெளியிட்டார்கள். 1297இல் அது சட்ட ஏட்டிலும் ஏறியது. படிகள் எழுதி நாடெங்கும் அனுப்பினார்கள். 1215ஆம் ஆண்டுப் படிகளில் நான்கு இன்றும் எஞ்சியுள்ளன. மன்னர்கள் மீறினார்கள், மக்கள் நினைவூட்டினார்கள், மீண்டும் மீறினார்கள், மீண்டும் நினைவூட்டினார்கள். இடையறாத வழக்காடலே அதன் உயிர். விரிஞ்சிபுரத்துக் கல்லோடு எவரும் வழக்காடவில்லை. அழகிய மதிலுக்குள்ளே அது அமைதியாக இருந்தது. பழைய வழக்கப்படி, பெருந்தொகையான மக்கள் அந்த மதிலைத் தாண்டவே முடியாது. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்த பிறகே, தோல் பதனிடுவோனின் மகன் சட்டத்தின் துணையோடு எந்தக் கோயிலுக்குள்ளும் நின்று கல்வெட்டைப் பார்க்க முடிந்தது. படிக்க முடியாதவன் எப்படி வழக்காடுவான்?

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. ரன்னிமீட் பட்டயம் ஆளுபவனின் கையைக் கட்டியது. மன்னன் மீறினால் அவன் கோட்டையையும் நிலத்தையும் கைப்பற்றலாம் என்று 61ஆவது கூறு கூறும் அளவுக்குத் துணிந்தது. விரிஞ்சிபுரத்து உடன்படிக்கையோ ஆளுபவனின் கையில் தண்டத்தைக் கொடுத்தது. முன்னது, மேலே உள்ளவனை நோக்கி, "உன் எல்லை இது" என்றது. பின்னது, கீழே உள்ளவனை நோக்கி, "உன் கடமை இது" என்றது. எல்லை கட்டுவது உரிமையின் தொடக்கம். கட்டளை இடுவது, எவ்வளவு நல்ல கட்டளையானாலும், உரிமை ஆகாது.

மூன்றாவது காரணமே முதன்மையானது. ரன்னிமீட் பட்டயத்தின் ஒரு மூலையில், 8ஆவது கூற்றில், கணவனை இழந்த பெண் மணமின்றி வாழ விரும்பும்வரை அவளை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தலாகாது என்று எழுதினார்கள். மறுமணம் செய்ய விரும்பினால் மேலாளனின் இசைவு வேண்டும் என்று வாலையும் ஒட்டிவைத்தார்கள். குறையுள்ள வரிதான், சீமாட்டிகளுக்காக எழுதிய வரிதான். ஆயினும், அந்த வரியில் "அவள் விரும்பும்வரை" என்ற சொல் புகுந்துவிட்டது! அவளுக்கு விருப்பம் என ஒன்று உண்டு. அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற எண்ணத்தின் விதை அது. விரிஞ்சிபுரத்துக் கல்லில் இந்த ஒரு சொல் இல்லை.

இதுவே நம் அளவுகோல். ஒருவருக்கு நன்மை செய்கிறோம் என்று எழுதப்படும் எந்தப் பட்டயத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த ஒருவரைக் கேட்டீர்களா என்று வினவுங்கள். கேட்டிருந்தால், அது உரிமையின் வழியில் நடக்கிறது. கேட்கவில்லையானால், அது தானம். தருபவன் மனம் குளிர்ந்தால் கிடைக்கும். மனம் கோணினால் மறையும். பெற்றவன் நன்றி சொல்ல வேண்டும், தலை குனிய வேண்டும், தந்தவன் வாசலில் நிற்க வேண்டும். உரிமை பெற்றவனுக்கு இந்த மூன்றும் வேண்டாம்.

தானம் எப்படி மறையும் என்பதற்கும் அந்த நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1381 சூன் திங்களில், பட்டயத்துக்கு வெளியே நின்ற உழவர்கள் கிளர்ந்தெழுந்து இலண்டனுக்குள் புகுந்தார்கள். அடிமைக் கட்டு அறுக என்றார்கள். பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு விடுதலை ஏடுகளை எழுதித் தந்தான். நம்பியவர்கள் வீடு திரும்பினார்கள். அடுத்த திங்களே அந்த ஏடுகள் செல்லா என்று அறிவித்தான்; தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். அச்சத்தில் தந்தது, அச்சம் நீங்கியதும் பறிக்கப்பட்டது. ஏடு கையில் இருந்தது; அதைக் காக்கும் அமைப்பு கையில் இல்லை.

ஆனால், விதைத்த சொல் அடியோடு சாகவில்லை. அதற்கு முன்பே, 1354இல், சட்டம் ஒன்றில், சுதந்திர மனிதன் என்ற இடத்தில் எந்த நிலையில் உள்ள மனிதனாயினும் என்று எழுதிவிட்டார்கள். ஒரு சொல் மாறியது. ஒரு வாயில் அகன்றது. 1628இல் மன்னனின் கொடுமையை எதிர்த்துப் பாராளுமன்றம் உரிமை மனு எழுதியபோது பழைய பட்டயத்தையே சான்றாகக் காட்டினார்கள். வாக்குரிமை கேட்டு எழுந்த பெண்களும் அதே பட்டயத்தைச் சுட்டினார்கள். பிரபுக்கள் கனவிலும் கருதாதவர்கள், பிரபுக்களின் வரியைத் தமக்கெனப் பற்றிக்கொண்டார்கள்! எழுதியவனுடைய சொத்தன்று உரிமை. அதில் விடுபட்டவன் எழுந்து நின்று கேட்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடக்கூடும். "மெல்ல மெல்லப் பரவும் என்கிறீர்கள். அப்படியானால் பொறுத்திருக்கலாமே! கிளர்ச்சி எதற்கு? மாநாடு எதற்கு?" என்பார். பொறுத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1215இல் பட்டயம், இங்கிலாந்துப் பெண்கள் ஆண்களுக்கு நிகராக வாக்குரிமை பெற்றது 1928இல். எழுநூறு ஆண்டுகள்! அதுவும் தானாக வரவில்லை. சிறை சென்று, பட்டினி கிடந்து பெற்றார்கள். காலம் எதையும் தருவதில்லை, நண்பரே. காலத்தில் வாழும் மனிதர் கேட்டால்தான் கிடைக்கிறது.

இன்னொருவர் கேட்பார்: "வெள்ளையன் பட்டயத்தை வைத்து நம் கல்லை அளப்பது அடிமைப் புத்தி அல்லவா?" அளவுகோல் வெள்ளையனுடையதன்று. அதே அளவுகோலால் வெள்ளையனையும் அளக்கிறோம். முறையான தீர்ப்பின்றி எவரையும் சிறையிடோம் என்று ரன்னிமீட்டில் எழுதியவர்களின் வழித்தோன்றல்கள், கப்பலேறி இங்கு வந்தபோது அதைக் கரையிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்து, தொட்டில் குழந்தையையும் குற்றவாளி என்றார்கள். அது 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3இல் சுட்டுக் கொன்றார்கள். 1919இல் ரௌலட் சட்டம் செய்து, விசாரணையின்றி அடைத்துவைக்க அதிகாரம் எடுத்துக்கொண்டார்கள். தேம்ஸ் கரையில் உரிமை, வைகைக் கரையில் துப்பாக்கி! வெள்ளையன் சென்ற பிறகும் நம்மவர் கையில் அதே கதை நடந்ததுண்டு. 1976இல், நெருக்கடி நிலையின் போது, காரணம் காட்டாமல் அடைக்கப்பட்டவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டவும் முடியாது என்று உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. நம் அரசமைப்பின் 21ஆவது பிரிவு, சட்டம் வகுத்த முறையாலன்றி எவருடைய உயிரையும் உரிமையையும் பறிக்கலாகாது என்று கூறுகிறது. 39ஆவது கூற்றின் கொள்ளுப்பேரன் அந்தப் பிரிவு. அது அன்று வாய் மூடி நின்றது. தோலில் எழுதினாலும், கல்லில் வெட்டினாலும், அச்சில் ஏற்றினாலும், கேட்பவன் இல்லாவிடில் எழுத்து ஊமை.

இனி, நம் கல்லுக்குத் திரும்புவோம். விற்பனையும் இல்லாமல், தானமும் இல்லாமல், மூன்றாவது வழி ஒன்று உண்டா? உண்டு. அந்த வழியை வகுத்தவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று முழங்கியது. இதழ்கள் எள்ளின, வைதிகர் சீறினர். பந்தலில் புரோகிதர் இல்லை, தீ இல்லை, தாரை வார்த்தல் இல்லை. ஆணும் பெண்ணும் பலர் அறிய ஒருவரை ஒருவர் ஏற்கும் திருமணங்கள் ஊர் ஊராக நடந்தன. அவை சட்டப்படி செல்லா என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. மணமக்களின் தலையில் இடி! அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு என்ன பெயர், என்ன பங்கு? ஆயினும், அவர்கள் பின்வாங்கவில்லை. 1967இல் நம் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. இருவருக்கும் புரியும் மொழியில், ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்கிறோம் என்று கூறினால் போதும், மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், தாலி கட்டினாலும் சரி, திருமணம் செல்லும். முன்பே நடந்த திருமணங்களும் செல்லும். 2023இல் உச்சநீதிமன்றம், அதைப் பெருங்கூட்டத்தின் நடுவேதான் கூற வேண்டும் என்பதும் இல்லை என்று தெளிவாக்கியது.

இந்தப் பிரிவின் பெருமை எதில் இருக்கிறது? செலவு குறைந்தது என்பதிலா? புரோகிதர் விலகினார் என்பதிலா? அவை உண்டு; ஆனால் அவை சிறியவை. பெருமை ஒரே சொல்லில் இருக்கிறது. அவள் "ஏற்கிறேன்" என்கிறாள்! தந்தை தரவில்லை, மாமன் வாங்கவில்லை, அவள் சொல்கிறாள். "ஏற்கிறேன்" என்று சொல்லும் உரிமை பெற்றவளுக்கு, "ஏற்கவில்லை" என்று சொல்லும் உரிமையும் கூடவே வந்துவிடுகிறது. விரிஞ்சிபுரத்துக் கல்லில் இல்லாத குரல், ஐந்தரை நூற்றாண்டுக்குப் பின், சட்ட ஏட்டில் ஒலித்தது.

போதுமா? வேலை முடிந்ததா? இல்லை, தோழர்களே. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. வாங்குவோனும் குற்றவாளி, கொடுப்போனும் குற்றவாளி என்று அது கூறுகிறது. பழைய கல் கூறியதும் அதுவே. அன்று மாப்பிள்ளை வீட்டார் பொன் கொடுத்தனர். இன்று பெண் வீட்டார் கொடுக்கின்றனர். பொன் திசை மாறிப் பாய்கிறது; பெண் மட்டும் பண்டமாகவே நிற்கிறாள். ஒரு வகுப்பாரின் குறையன்று இது. எல்லா வகுப்பார் பந்தலிலும் நடக்கிறது. நம் தோழர் வீட்டுப் பந்தலில் நடக்கவில்லை என்று நம்மால் சத்தியம் செய்ய முடியுமா? மேடையில் மாலை மாற்றிவிட்டு, பின்கட்டில் பவுன் கணக்குப் பார்க்கும் திருமணத்தை நாம் பார்த்ததே இல்லையா? பார்த்தும் வாழ்த்துரை வழங்கிவிட்டு வந்ததில்லையா?

அதே விரிஞ்சிபுரத்தில், கார்த்திகைக் கடைஞாயிறு நாளில், பிள்ளையில்லாத பெண்கள் நள்ளிரவில் குளத்தில் மூழ்கி, ஈரப் புடவையோடு கோயிலில் படுத்துக் கிடக்கிறார்கள், பிள்ளைவரம் வேண்டி. அந்தப் பெண்களை நாம் எள்ளவில்லை. எள்ளுவோனுக்குப் பகுத்தறிவாளன் என்று பெயரில்லை. பிள்ளை பெறாதவளுக்கு மதிப்பில்லை என்று அவள் காதில் நாள்தோறும் ஓதிய ஊரையும் உறவையும்தான் கேட்கிறோம்: அந்தக் குளிரில் நடுங்கும் உடல், தான் விரும்பி அங்கு வந்ததா, உங்கள் சொல்லுக்கு அஞ்சி வந்ததா?

ஆற்றங்கரைக்கு வந்துவிட்டோம்; ஆற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ரன்னிமீட் பட்டயத்தின் 33ஆவது கூறு, தேம்ஸ் ஆற்றிலும் மெட்வே ஆற்றிலும் இங்கிலாந்தெங்கும் மீன்பிடி அடைப்புகளை அகற்றி நீர்வழியைத் திறந்துவிடச் சொல்கிறது. ஆறு ஒருவன் சொத்தன்று என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நம் பாலாற்றில் தோல் கழிவு பாய்ந்து, கிணறும் நிலமும் கெட்டபோது, வேலூர்க் குடிமக்கள் உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடினார்கள். 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை நாடெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால், 2025 சனவரியில், இழப்பீடு குறித்தும் ஆற்றை மீட்பது குறித்தும் அதே உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்! காலந்தாழ்த்தமாட்டோம் என்ற 40ஆவது கூற்றை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

இங்கும் நம் அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம். ஆலை முதலாளி பேசினார், உழவர் பேசினார், அதிகாரி பேசினார். சுண்ணாம்புக் குழியில் நிற்கும் கூலித் தொழிலாளியை யார் கேட்டார்? வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செருப்பின் மேல்தோலைத் தைத்து, ஒரு சோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆம்பூர்ப் பெண்ணை யார் கேட்டார்? ஆலை மூடினால் பட்டினி, திறந்தால் நஞ்சு என்ற இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு நலத்திட்டம் தருகிறோம், உதவி தருகிறோம் என்ற அறிவிப்புகள் வரும். வரட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால், கேட்காமல் தருவது கன்னிகாதானத்தின் தம்பிதான்.

1994இல் இந்தியாவின் தலைமை அமைச்சர் நரசிம்மராவ் ரன்னிமீட் புல்வெளிக்குச் சென்று, ஓக் மரக்கன்று ஒன்றை நட்டு வந்தார். மரம் நடுவது நல்லதே. விரிஞ்சிபுரத்தில் நடுவதற்கு நமக்கு மரம் வேண்டாம். ஒரு பழக்கம் போதும். எந்த அவையிலும், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரை அழைத்து உட்காரவைத்துக் கேட்கும் பழக்கம். மணப்பந்தலில் பெண்ணை, ஆலையில் தொழிலாளியை, ஊர்க்கூட்டத்தில் சேரிமகனை, வீட்டில் தங்கையை. முதலில் தங்கையைக் கேளுங்கள். மாநாட்டுத் தீர்மானத்தைவிட அது கடினம் என்பது கேட்டுப் பார்த்தால் தெரியும்.

விரிஞ்சை மதில் அழகுதான். அதன் நிழலில் நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் கல்லின் வரிகளை நாம் மீண்டும் படிக்கிறோம். பொன் கொடுத்தவன் இருக்கிறான், பொன் வாங்கியவன் இருக்கிறான், தண்டிக்கும் அரசன் இருக்கிறான், தள்ளிவைக்கும் குலம் இருக்கிறது. அவள் பெயருக்கு இடம் விடவில்லை. கல்லில் இனி இடமில்லை. ஆனால், அடுத்த முறை நம் வீட்டில் திருமண ஓலை எழுத உட்காரும்போது, நம் முன் இருப்பது வெற்றுத்தாள். அதில் முதல் வரியை யார் சொல்லி எழுதப் போகிறோம்?